இரண்டு வாக்கியம், ஒரு கமா

லீவ் லெட்டரில் இருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்த வரி மறக்காது: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் த கிளாஸ்." காய்ச்சல் இல்லாத நாளிலும் இதையேதான் எழுதிக் கொடுத்தோம். மனப்பாட வரி என்றாலும் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத வரி. இப்போது முன்னால் நிற்கும் 'ஆஸ்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் த கிளாஸ்." பொருள் புரிகிறது. காதுக்கும் உறுத்தவில்லை. ஆனால் ஆங்கிலம் திருத்துகிறவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

இதற்குப் பெயர் கமா ஸ்ப்ளைஸ். அந்தக் கமாவும் இல்லாமல் ஒரே மூச்சில் ஓட்டினால் அது ரன்-ஆன். சில இலக்கண நூல்கள் இரண்டையும் சேர்த்தே ரன்-ஆன் என்று சொல்லிவிடும். பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நோய் ஒன்றுதான். தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள், உரிய இணைப்பில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுவதற்குள் பாதி சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு தப்பெண்ணம் போகவேண்டும். ரன்-ஆன் என்றால் நீளமான வாக்கியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நீளத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. "இட் ரெயின்ட், வீ லெஃப்ட்." நான்கே சொல், ஆனாலும் கமா ஸ்ப்ளைஸ். அதற்கு நேர்மாறாக, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள்; என்சிஇஆர்டி பாடநூல்களின் முன்பக்கங்களில் இருக்கும். 80 சொற்களுக்கு மேல் ஓடும் அது முழுக்க ஒரே வாக்கியம். கமா, செமிகோலன், கோலன் எல்லாம் வருகின்றன. முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று. ஆனாலும் அது ரன்-ஆன் இல்லை. எழுவாய் 'வீ, த பீப்பிள் ஆஃப் இந்தியா'. அதற்கு உரிய பயனிலை, ஏற்று இயற்றி நமக்கே வழங்கிக்கொள்கிறோம் என்ற பொருளில், வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து சேர்கிறது. நடுவில் வரும் 'ஹேவிங் சாலம்லி ரிசால்வ்ட்' வினைமுற்று இல்லை; நம் 'உறுதிபூண்டு' போல ஓர் எச்சம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அடுக்கியதெல்லாம் அந்த எச்சத்துக்குள் அடக்கம். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அந்த ஆங்கில வாக்கியத்தின் கட்டு, தமிழ் படித்தவருக்கு அந்நியமாகவே தோன்றாது. முற்று வரும்வரை பொறுத்திருந்து பழகியவர்கள் நாம்.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அதிகம் வழுக்குவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. "அவன் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்." இதில் நான்கு செயல்கள். வந்து, கழுவி, சாப்பிட்டுவிட்டு என்ற மூன்றும் வினையெச்சங்கள். படுத்தான் என்பது மட்டுமே முற்று. வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று சொல்லும் வேலையை அந்தச் சொற்களின் வாலே செய்துவிடுகிறது. கமாவை எடுத்துவிட்டாலும் யாரும் தடுமாற மாட்டார்கள். ஓலைச்சுவடிக் காலத்தில் நிறுத்தற்குறி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. பக்கம் பக்கமாக ஓடும் உரையாசிரியர்களின் உரைநடையை அப்படியே படித்து வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். நிறுத்தற்குறிகள் அச்சோடு ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தவை. தமிழில் கமா ஒரு வசதி, அவ்வளவுதான்.

இதே செய்தியை ஆங்கிலத்தில் ஒரு மாணவர் எழுதுகிறார்: "ஹி கேம் ஹோம், ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ், ஹி ஏட், ஹி ஸ்லெப்ட்." மனசுக்குள் அவர் 'வந்து, கழுவி, சாப்பிட்டு' என்றுதான் சொல்லிக்கொள்கிறார். எச்சத்தின் வால் செய்கிற வேலையைக் கமா செய்துவிடும் என்று நம்புகிறார். ஆங்கில வாசகருக்கோ கேம், வாஷ்ட், ஏட், ஸ்லெப்ட் நான்குமே முற்றுகள். நாலு முழு வாக்கியங்களை ஒரே புள்ளிக்குள் திணித்ததாகத்தான் அவருக்குத் தெரியும்.

ஆகவே நான் சொல்லுவது ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது கமாவை எண்ணாதீர்கள், வினைமுற்றை எண்ணுங்கள். தனக்கென்று ஓர் எழுவாயும் காலம் காட்டும் வினையும் இருந்து, முன்னால் 'ஆஸ்', 'பிகாஸ்', 'வென்', 'இஃப்', 'ஆல்தோ' போன்ற சார்புச்சொல் இல்லாவிட்டால், அது தனி வாக்கியம். அப்படி இரண்டு வந்துவிட்டால் நடுவில் வெறும் கமா போதாது.

ஒரு கடிதத்தை வைத்துப் பார்ப்போம். வங்கிக்கு எழுதும் புகார், பலரும் எழுதுகிற மாதிரியே:

"ஐ வென்ட் டு த ஏடிஎம் எஸ்டர்டே, ஐ என்டர்ட் த பின், த மெஷின் டிட் நாட் கிவ் கேஷ், த அமவுன்ட் வாஸ் டெபிட்டட், ஐ ஹேவ் அட்டாச்ட் த ஸ்லிப், கைண்ட்லி ரிவர்ஸ் த அமவுன்ட்."

ஐந்து கமா, ஆறு வாக்கியம். முதல் இரண்டைப் பாருங்கள். போனதும் நான், பின் நம்பரைப் போட்டதும் நான். இரண்டாவது 'ஐ' தேவையே இல்லை. "ஐ வென்ட் டு த ஏடிஎம் எஸ்டர்டே அண்ட் என்டர்ட் த பின்" என்றால் ஓர் எழுவாய்க்கு இரண்டு வினை, ஒரே வாக்கியமாகிவிடுகிறது. இங்கே 'அண்ட்'டுக்கு முன்னால் கமாகூட வேண்டாம். மூன்று வினை வந்தால் கமா போட்டே அடுக்கலாம்: "ஐ வென்ட் டு த ஏடிஎம், என்டர்ட் த பின் அண்ட் வெயிட்டட்." முழுக்கச் சரி. நடுவில் 'ஐ என்டர்ட்' என்று அந்த ஓரெழுத்துச் சொல்லைத் திரும்பப் போட்டுவிட்டு, கடைசி 'அண்ட்'டையும் விட்டால்தான் பிழை வந்து உட்காரும்.

அடுத்த இரண்டும்தான் புகாரின் உயிர். பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. அந்த 'ஆனால்' இல்லாவிட்டால் புகாரே இல்லை. கமா போட்டு எழுதியவர் ஆறு செய்திகளையும் ஒரே எடையில் வரிசையாக அடுக்கிவிட்டார். எது முக்கியம் என்று வங்கிக்காரரே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். "த மெஷின் கேவ் நோ கேஷ், பட் த அமவுன்ட் வாஸ் டெபிட்டட்." கமாவுடன் ஒரு 'பட்'. கடைசி இரண்டும் வேறு வேறு செய்திகள், இரண்டுக்கும் முற்றுப்புள்ளி. திருத்திய கடிதம் இது:

"ஐ வென்ட் டு த ஏடிஎம் எஸ்டர்டே அண்ட் என்டர்ட் த பின். த மெஷின் கேவ் நோ கேஷ், பட் த அமவுன்ட் வாஸ் டெபிட்டட். ஐ ஹேவ் அட்டாச்ட் த ஸ்லிப். கைண்ட்லி ரிவர்ஸ் த அமவுன்ட்."

புதிய சொற்கள் எதுவும் சேரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் இதைப் படிக்கிறவருக்கு இப்போது வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

வாக்கியம் தனியாக நிற்குமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக அதை மாற்றிப் பாருங்கள். "த அமவுன்ட் வாஸ் டெபிட்டட்" என்பது "வாஸ் த அமவுன்ட் டெபிட்டட்?" என்று மாறுகிறது, ஆகவே அது தனி வாக்கியம். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்பதை என்ன புரட்டினாலும் கேள்வியாகாது. 'ஆஸ்' அதை விடாது. கமாவின் இரண்டு பக்கமும் கேள்வியாகிவிட்டால் அது கமா ஸ்ப்ளைஸ். இலக்கணப் பெயர்கள் ஒன்றுமே தெரியாத பிள்ளைகளும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவார்கள்.

ஏவல் வாக்கியத்துக்கு மட்டும் இது பலிக்காது. "ப்ளீஸ் ஃபைண்ட் மை ரெஸ்யூமே அட்டாச்ட், கைண்ட்லி கன்ஃபர்ம் த ரிசீட்." இதில் எழுவாயே கண்ணில் படாது, கேள்வியாக்கவும் முடியாது. ஆனால் நம் இலக்கணத்திலேயே 'வா', 'போ' என்பவை ஏவல் வினைமுற்றுகள்தானே? ஆங்கிலத்திலும் அதே கணக்கு. இரண்டு ஏவல், இரண்டு வாக்கியம். அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் கண்ணில் படும் கமா ஸ்ப்ளைஸ் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

இன்னொரு பள்ளம் 'ஹவெவர்'. "த பஸ் வாஸ் லேட், ஹவெவர் ஐ ரீச்ட் த ஹால் ஆன் டைம்." 'பட்' போட்டால் சரியாக இருக்கும் இடத்தில் 'ஹவெவர்' போட்டால் ஏன் தப்பு? பொருள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு சாதி. 'பட்' இருக்கிற இடத்தை விட்டு அசையாது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அதன் வேலை. 'ஹவெவர்' எங்கேயும் போகும்: "ஐ, ஹவெவர், ரீச்ட் த ஹால் ஆன் டைம்" என்று நடுவில் உட்காரும், வாக்கியத்தின் கடைசிக்கும் போகும். இப்படி நகரக்கூடிய சொல்லுக்கு இணைக்கும் தெம்பு கிடையாது. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'அதர்வைஸ்' எல்லாம் இதே கூட்டம். அவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும். இணைக்கும் உரிமை உள்ளவை ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழு சொற்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஆங்கில ஆசிரியர்கள் 'ஃபேன்பாய்ஸ்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அன்றாடக் கடிதத்துக்கு அண்ட், பட், ஸோ, ஆர் என்ற நான்கே போதும்.

'இட்', 'திஸ்', 'தே' என்று இரண்டாவது பாதி தொடங்கும்போதும் கவனம் வேண்டும். "ஐ பாட் எ போன் லாஸ்ட் வீக், இட் இஸ் நாட் வொர்க்கிங்." அந்த 'இட்' முன்னால் சொன்ன போனைச் சுட்டுவதால் இன்னும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறோம் என்று தோன்றும். பொருளில் தொடர்பு இருக்கிறது, உண்மைதான். இலக்கணத்தில் அது தன் காலில் நிற்கிற வாக்கியம்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா, புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் நண்பருக்கு எழுதும்போது யாரும் புள்ளி பார்க்க வேண்டியதில்லை. வரியை முறித்து அனுப்புவதே அங்கே முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் இந்த வரியைப் படித்துப் பாருங்கள்: "ப்ளீஸ் கால் மீ டுமாரோ ஐ வில் பி இன் த ஆஃபீஸ்." 'டுமாரோ' யாருக்குச் சொந்தம்? அதற்குப் பின்னால் புள்ளி வைத்தால், நாளைக்குக் கூப்பிடு, நான் அலுவலகத்தில் இருப்பேன். முன்னால் வைத்தால், என்னைக் கூப்பிடு. நாளைக்கு நான் அலுவலகத்தில் இருப்பேன். முதலாவதைப் புரிந்துகொண்டவர் இன்று போனைத் தொட மாட்டார். இரண்டாவதைப் புரிந்துகொண்டவர் இப்போதே கூப்பிடுவார். 'டுமாரோ'வுக்கு இரண்டு பக்கமும் கமா போட்டாலும் குழப்பம் அப்படியே இருக்கும். தமிழில் இந்தச் சிக்கல் எளிதில் வராது, ஏனென்றால் 'கூப்பிடுங்கள்' என்ற முற்று வாக்கியத்தின் கடைசியில் நின்று கதவைச் சாத்திவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் இடமும் காலமும் வால்போல நீளும். அந்த வால் எங்கே முடிகிறது என்று காட்டப் புள்ளியை விட்டால் வேறு வழியில்லை.

கமா ஸ்ப்ளைஸுக்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. இது நம்மூர் வாத்தியார் கண்டுபிடித்தது இல்லை. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் 1762-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், கமாவைப்போல் இரண்டு மடங்கு நேரம் செமிகோலனுக்கு, அதன் இரு மடங்கு கோலனுக்கு, அதன் இரு மடங்கு முற்றுப்புள்ளிக்கு என்று கணக்கே போட்டிருக்கிறார். கால், அரை, முக்கால், முழு என்று நம் பள்ளி இலக்கணம் பெயர் வைத்திருப்பதும் இதுபோன்ற ஒரு நிறுத்தக் கணக்கில்தான். உரக்கப் படிப்பது வழக்கமாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. அந்த நூற்றாண்டின் ஆங்கில உரைநடையில் இன்று பிழை என்று அடிபடும் கமாக்கள் தாராளமாகக் கிடைக்கும். மனசுக்குள் படிப்பது பெருகப் பெருக, குறிகள் மூச்சை விட்டுவிட்டு வாக்கிய அமைப்பைக் காட்டத் தொடங்கின. 1918-ல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில், தனி வாக்கியங்களைக் கமாவால் இணைக்காதே என்பது ஒரு விதியாகவே இடம்பெற்றது. 1959-ல் எழுத்தாளர் ஈ.பி. ஒயிட் திருத்தி வெளியிட்டபின் அந்த நூல் அமெரிக்கக் கல்லூரிகள் எங்கும் பரவியது. ஆக, மூச்சு விதியோடு இன்று தேர்வு எழுதப் போகிறவர் பழைய காலத்துச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.

இது தர்க்கத்தின் விதி இல்லை, ஒரு மொழியின் ஏற்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் மொழியில் இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் சேர்ப்பது குற்றமே கிடையாது. "மழை வருது, குடையை எடுத்துக்கோ" என்று தமிழில் எழுதினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்திலேயே விலக்கு இருக்கிறது. வந்தேன், கண்டேன், வென்றேன் என்று ஜூலியஸ் சீசர் சொன்னது லத்தீனில் மூன்றே சொல். நம்மைப்போல லத்தீனிலும் வினை விகுதிக்குள்ளேயே எழுவாய் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அதே மூன்றும் ஆளுக்கொரு 'ஐ' வாங்கிக்கொண்டு முழு வாக்கியங்களாகிவிடுகின்றன, கமா மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மிகச் சிறியவையாக, ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் கமா போடலாம் என்று ஸ்ட்ரங்கே விட்டுக்கொடுக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸ் 1859-ல் எழுதிய 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலின் தொடக்க வாக்கியம் பெரும்பாலும் கமாவில் கோத்த முழு வாக்கியங்களின் வரிசைதான். டிக்கன்ஸ் செய்தால் அழகு, நான் செய்தால் பிழையா என்று கேட்கிற மாணவர்களுக்கு என் பதில்: ஆமாம், இப்போதைக்கு.

செமிகோலனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1496-ல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற அச்சகக்காரர், இத்தாலிய அறிஞர் பியெத்ரோ பெம்போ எட்னா எரிமலையில் ஏறியதைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்தக் குறியை முதலில் பயன்படுத்தினார். இரண்டு வாக்கியங்களை, உறவு இன்னதென்று சொல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதற்கு நல்ல குறி. ஆனால் கமா ஸ்ப்ளைஸைத் திருத்தச் சொன்னால் எல்லா இடத்திலும் செமிகோலனைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருத்தம் மாதிரித் தெரியும், சிந்தனை நடந்திருக்காது. காரணம் என்றால் 'பிகாஸ்', முரண் என்றால் 'பட்' அல்லது 'ஆல்தோ', விளைவு என்றால் 'ஸோ'. எந்த உறவும் இல்லையென்றால் முற்றுப்புள்ளி. இதில் எது என்று முடிவு செய்வதுதான் எழுதுகிறவர் வேலை. வேர்டும் கிராமர்லியும் கமா ஸ்ப்ளைஸுக்கு அடிக்கோடு போட்டுக் காட்டும்; உங்கள் மனசில் இருந்தது காரணமா முரணா என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

திருத்தப் போய் எதிர்ப்பக்கம் விழுகிறவர்களும் உண்டு. பயந்துபோய் எங்கும் புள்ளி வைத்தால் "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்." என்று அரைவாக்கியம் தனியே நிற்கும். "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹி கேம்" என்று இரண்டு இணைப்பையும் ஒரே இடத்தில் போடுவது இன்னொரு வகை. ஒன்று போதும். 'ஆல்தோ' வந்தால் 'பட்' வேண்டாம், 'ஆஸ்' வந்தால் 'ஸோ' வேண்டாம்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு செய்தி. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு எடை. அதில் ஒன்று இலக்கணம், நிறுத்தற்குறிகளும் அதற்குள்தான் வருகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்விலோ, ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைச் சோதிப்பதற்கென்றே 'பவுண்டரீஸ்' என்று ஒரு கேள்வி வகை இருக்கிறது. கட்டுரையை எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கமாக்களை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். சந்தேகம் தீராத இடத்தில் செமிகோலன் வேண்டாம், முற்றுப்புள்ளி வைத்து அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக்குங்கள். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.